துரை பங்களாவும் லயக் காம்பராவும்: அக்கரப்பத்தனைப் பகுதியின் வீட்டுடைமை வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

பழைய வீடுகளின் வரலாற்றை எழுதும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகின்றது. கொழும்பிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் உள்ள பிரித்தானியர் காலத்து வளமனைகள் இன்று 'மரபுரிமை' என்னும் பெயரால் பேணப்படுகின்றன. அவற்றைக் கட்டியவர் யார், வாங்கியவர் யார், விற்றவர் யார் என்னும் விவரங்கள் நூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் தொகுக்கப்படுகின்றன. இவ்வகை எழுத்துக்களில் ஒரு வீட்டின் வரலாறு என்பது பெரும்பாலும் அதன் உறுதிப்பத்திரத்தின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. பத்திரத்திலே பெயர் ஏறாதோர், அதாவது அவ்வீட்டிலே சமைத்தோரும் விறகு பிளந்தோரும் குழந்தை தூக்கியோரும், வரலாற்றின் வாசற்படிக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். இக்குறைபாடு மலையகத் தோட்டங்களைப் பொறுத்தவரையில் மிக வெளிப்படையாகத் தெரிகின்றது. அங்கே வீடு என்பது இருவேறு கட்டடங்களாகப் பிளவுண்டு நிற்கின்றது: ஒன்று குன்றின் மேலுள்ள துரை பங்களா, மற்றது சரிவின் கீழுள்ள லயம். இவ்விரண்டையும் ஒரே நிலத்தின் ஒரே வரலாறாகச் சேர்த்து நோக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் கொண்டுள்ள நிலைப்பாடாகும். அதற்கு நாம் தேர்ந்துகொண்ட களம் அக்கரப்பத்தனை.

திம்புள்ளைப் பிரதேசத்தில், ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தை ஒட்டி அமைந்தது அக்கரப்பத்தனை. ஆக்ரா ஓயா இப்பகுதியூடாக ஓடிக் கொத்மலை ஓயாவுக்கு நீர் சேர்க்கின்றது. 'பத்தனை' என்பது மலைப் புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் தமிழ் வழக்கு. ஆகவே ஊரின் பெயரிலே தோட்டம் இல்லை; தோட்டத்துக்கு முற்பட்ட புல்லே உள்ளது. ஆனால் அவ்வூருக்குள் உள்ள தோட்டங்களின் பெயர்களை வரிசைப்படுத்தினால் நாம் வேறொரு நாட்டுக்குள் நுழைந்துவிடுகின்றோம்: கிளாஸ்கோ, ஹோல்புறூக், டொரிங்டன், அல்பியன், வேவர்லி, பல்மோரல், சான்றிங்ஹாம். வேவர்லி என்பது வோல்டர் ஸ்கொட் 1814இல் வெளியிட்ட நாவலின் பெயராகவும் உள்ளது. டொரிங்டன் என்பது 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை இரத்தத்தில் மூழ்கடித்த தேசாதிபதியின் பட்டப்பெயரும் ஆகும். ஆயினும் நமது பொருளுக்கு மிக நெருங்கியவை பல்மோரலும் சான்றிங்ஹாமும். முன்னையது 1852இல் விக்டோரியா மகாராணிக்காக வாங்கப்பட்ட ஸ்கொட்லாந்து மாளிகையின் பெயர். பின்னையது 1862இல் அவரது மூத்த மகனுக்காக வாங்கப்பட்ட மாளிகையின் பெயர். இரண்டும் வீடுகளின் பெயர்கள். உலகின் மிகப் பெரிய அரச குடும்பத்தின் வீட்டுப் பெயர்களைத் தாங்கிய நிலத்திலே, அந்நிலத்தைத் திருத்திய மக்களுக்கு நான்கு, ஐந்து தலைமுறைகளாக ஒரு சொந்த வீடும் இருக்கவில்லை. இதனை விதியின் விளையாட்டு என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் இது ஒரு குறிப்பிட்ட உற்பத்தி முறையின் தவிர்க்கவியலாத விளைவு என்பதை நாம் காணவேண்டும்.

அம்முறையின் தோற்றுவாயைக் கூறுகையில் ஒரு மனிதரை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். கோல்புறூக்கும் கமரூனும் அளித்த அறிக்கைகளின் விளைவாக 1833ஆம் ஆண்டளவில் இலங்கையின் நிருவாகமும் பொருளாதாரமும் புதிய வடிவம் பெற்றன. ஊழியக் கடமையான இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது கோல்புறூக்கின் பரிந்துரையால். நீதித்துறைச் சீரமைப்பு சார்ள்ஸ் ஹே கமரூனின் பங்கு. அவர்களுடைய காலத்துத் தேசாதிபதியான வில்மட் ஹோட்டனின் பெயரையே அக்கரப்பத்தனைக்கு மேலுள்ள சமவெளி இன்றும் தாங்கி நிற்கின்றது. நிலமானியக் கட்டுகளை அறுத்த இச்சீர்திருத்தங்கள் முற்போக்கானவை என்பதில் ஐயமில்லை. எனினும் அறுக்கப்பட்ட கட்டுகளின் இடத்தில் எது வந்தது என்ற வினாவுக்கு விடையளிப்பது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடும் தரிசும் குடியிராத நிலமும் முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்று அது விதித்தது. ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்காக விற்கப்பட்ட நிலம், 1844இலிருந்து இருபது சிலிங்காயிற்று. வாங்கியோருள் படைத் தளபதிகளும் அரசாங்க அதிகாரிகளும் நீதிபதிகளும் மதகுருமாரும் இருந்தனர். சட்டம் இயற்றியோரும் நிலம் வாங்கியோரும் பெருமளவுக்கு ஒரே வட்டத்தினர்.

கமரூனும் கோப்பித் தோட்டங்களின் உடைமையாளரானார். திம்புள்ளைப் பகுதியிலும் அவருக்கு நிலம் இருந்தது. 1875இல், முதுமைக் காலத்தில், மனைவி ஜூலியா மாகரெற்றுடன் அவர் இலங்கைக்கு வந்து குடியேறினார். கப்பலேறும்போது தமக்கான சவப்பெட்டிகளையும் அத்தம்பதியர் உடன்கொண்டு வந்தனர் என்று கூறுவர். ஜூலியா மாகரெற் கமரூன் அக்காலத்தின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞருள் ஒருவர். டெனிசனையும் டார்வினையும் படமெடுத்தவர். இலங்கையிலும் அவர் கிராமத்தவரையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். எஞ்சியவை சிலவே. டெனிசனின் படத்திலே பெயர் உண்டு. இங்கு எடுக்கப்பட்ட படங்களிலே உள்ளோருக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. அவர் 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேன் தோட்ட பங்களாவில் இறந்தார். அடுத்த ஆண்டிலே கணவரும் இறந்தார். இருவரின் கல்லறைகளும் பொகவந்தலாவைத் தேவாலய வளவில் இன்றும் உள்ளன. நிலத்தின் மீது கிராமத்தவருக்கு இருந்த மரபுரிமைகளைக் கரைத்த ஒரு காலப்பகுதியின் சிற்பிகளுள் ஒருவர், அக்காலப்பகுதி உருவாக்கிய ஒரு பங்களாவை அண்டித் தம் இறுதி நாள்களைக் கழித்தார். நாவலாசிரியர் ஒருவர் இதனைக் கற்பித்திருந்தால் மிகைப்படுத்தல் என்றே திறனாய்வாளர் குறைகூறியிருப்பர்.

கமரூன் குடும்பம் வந்து சேர்ந்தபோது கோப்பியின் சாவு தொடங்கிவிட்டது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் இலைகளிலே கண்டறியப்பட்ட பூஞ்சண நோய் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு பொருளாதாரத்தையே தின்று தீர்த்தது. தோட்டங்களை ஈடாகக் கொண்டு கடன் வழங்கியிருந்த ஓரியன்ரல் வங்கி 1884 மே மாதத்தில் முறிந்தது. பங்களாவின் உடைமை வரலாற்றிலே முதற் பெருந் திருப்பம் இதுவே. அதுவரையில் பங்களாவில் வாழ்ந்தவர் பல இடங்களில் தோட்டத்தின் சொந்தக்காரராகவோ பங்காளராகவோ இருந்தார். காடு வெட்டிய முதல் ஆண்டுகளில் அவருடைய வீடும் மரக்கட்டைகளாலும் மண்ணாலும் ஆனதே. கடன் மூழ்கியபின் நிலம் வங்கிகளின் கைக்கும், பின்னர் இலண்டனிற் பதிவான கம்பெனிகளின் கைக்கும் மாறிற்று. அக்கம்பெனிகளுக்காகக் கொழும்பிலிருந்து ஜோர்ஜ் ஸ்ரூவர்ட், கார்சன், விற்றோல் போன்ற முகவர் நிலையங்கள் தோட்டங்களை நடத்தின. பங்களாவிற் குடியிருந்த துரை, அன்று முதல் ஒரு சம்பளக்காரர்.

இவ்வுண்மையை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. மலையகத்தைப் பற்றிய எழுத்துக்களில் துரை ஒரு குறுநில மன்னராகவே சித்திரிக்கப்படுகின்றார். தொழிலாளியின் கண்ணுக்கு அவர் அவ்வாறு தோன்றியது இயல்பே. ஆனால் சட்டத்தின் பார்வையிலே துரையும் வேலை உள்ளவரை வீடு உள்ளவர்தான். இதற்கு ஜேம்ஸ் ரெயிலரின் வாழ்க்கை சான்று. 1852இல் வந்து லூல்கந்துரைத் தோட்டத்திற் பணியேற்ற அவர், 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். கொழுந்தைக் கையாலே உருட்டி மண்ணடுப்பிலே வாட்டிய அவரது முதற் 'தொழிற்சாலை' அவருடைய பங்களாவின் இஸ்தோப்பே. இலங்கைத் தேயிலைக் கைத்தொழில் ஒரு வீட்டின் முன் விறாந்தையில் பிறந்தது என்பது சுவையான செய்தி. நாற்பது ஆண்டு அதே தோட்டத்தில் உழைத்த அவரை 1892இல் உடைமையாளரான கம்பெனி வேலையிலிருந்து நீக்கியது. அவர் வெளியேற மறுத்தார். அவ்வாண்டு மே மாதம் அங்கேயே இறந்தார். அவருடைய உடலைத் தோட்டத் தொழிலாளர் தோளிற் சுமந்து கண்டிவரை நடந்தனர். மகாய்யாவையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

துரையும் குடியிருப்பாளரே, தொழிலாளியும் குடியிருப்பாளரே. எனினும் இவ்விரு குடியிருப்புகளையும் ஒன்றெனக் கொள்வது வர்க்க உண்மையை மறைப்பதாகும். துரைக்கு ஸ்கொட்லாந்திலோ தென் இங்கிலாந்திலோ திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. ஓய்வூதியமோ சேமிப்போ இருந்தது. வேலையிழந்த தொழிலாளிக்குப் பற்றுச்சீட்டு ஒன்றே மிஞ்சியது. அச்சீட்டோடு அவர் குடும்பமும் காம்பராவை விட்டு இறங்கவேண்டும்.

கட்டடங்களை நோக்குவோம். பங்களா குன்றின் மேற்புறத்தில், லயங்களும் ஸ்டோரும் கண்ணுக்குப் படும்படியாக அமைந்திருக்கும். முன்னே அகன்ற விறாந்தை, புற்றரை, பூம்பாத்தி. உள்ளே ஒவ்வோர் அறைக்கும் கணப்பு. கூரைக்கு மேலே வரிசையாகப் புகைபோக்கிகள். பின்புறத்திலே குசினியும் அப்பு முதலிய வேலையாட்களின் அறைகளும். ஆறாயிரம் அடி உயரத்துக் குளிரை வெல்லும் வண்ணம் திட்டமிடப்பட்ட வீடு அது. லயமோ பாசறையின் வடிவம். ஒரே தகரக் கூரையின் கீழ்ப் பத்தும் இருபதுமாக, சில இடங்களில் முதுகோடு முதுகொட்டிய இரட்டை வரிசைகளாக, ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராக்கள். ஒரு கதவு, சிறிய இஸ்தோப்பு. புகைபோக்கி இல்லை. அதே குளிருக்கு இங்கு விடையாக அமைந்தது அடுப்புப் புகையே. காம்பராவின் சுவர் கருத்திருப்பதைக் கண்டு தூய்மையின்மை பற்றிப் பேசிய பழைய அறிக்கைகளுக்குப் புகைபோக்கியின் விலை தெரியாமல் இருந்திருக்க முடியாது.

சொற்களும் இங்கு கவனத்துக்குரியன. பங்களா என்பது வங்காளத்து வீட்டமைப்பிலிருந்து ஆங்கிலத்தின் வழியே வந்த பெயர். காம்பராவும் குசினியும் போர்த்துக்கேயம். இஸ்தோப்பு ஒல்லாந்தச் சொல். லயம் ஆங்கிலத்தின் 'லைன்' திரிந்தது. குதிரை கட்டும் லாயத்தை அது ஒலியால் நினைவூட்டுவது தற்செயலே ஆயினும் பொருத்தமானது. இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய வல்லரசுகளும் இக்குடியிருப்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு பெயரை விட்டுச் சென்றிருக்கின்றன. 'வீடு' என்ற சொல் தமிழிலே விடுதலையையும் உணர்த்தும். அச்சொல் தோட்டத்திலே இறந்த வீடு, கலியாண வீடு என்னுமாறு நிகழ்வுகளோடு சேர்ந்தே உயிர்ப்புடன் வழங்குகின்றது. குடியிருக்கும் இடமோ காம்பரா.

சான்றுகளைப் பற்றியும் ஒரு சொல். பங்களாவின் வரலாற்றை எழுத விரும்புபவருக்கு பேர்கசன் நிறுவனத்தார் வெளியிட்ட இலங்கைத் தகவற்கோவை உண்டு: தோட்டத்தின் பெயர், பரப்பு, உடைமையாளர், முகவர், துரை என யாவும் அதில் நிரல்படத் தரப்பட்டுள்ளன. லயத்தின் வரலாற்றுக்கு எஞ்சியவை பேர் பதியும் செக்ரோலும், கங்காணியின் கடன் கணக்கும், வாய்மொழிப் பாடல்களும். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தமையை நாம் இப்பின்னணியிலே மதிப்பிடவேண்டும். அது நாட்டார் கலை மீதான பற்று மாத்திரமன்று; ஆவணக் காப்பகம் இல்லாத ஒரு வர்க்கத்துக்கு ஆவணம் தேடிய பணி. அப்பாடல்களிலே மலையும் மழையும் கோப்பிப் பழமும் கங்காணியின் கொடுமையும் கடல் கடந்த ஊரின் நினைவும் நிரம்பக் காணப்படுகின்றன. வீட்டின் மீதான உரிமைக் குரல் அரிதாகவே ஒலிக்கின்றது. உரிமை என்னும் எண்ணம் தோன்றுவதற்குத் தான் இந்நிலத்துக்கு உரியவன் என்னும் உணர்வு முதலில் தோன்றவேண்டும். அவ்வுணர்வு இரண்டாம், மூன்றாம் தலைமுறையிலேயே முளைத்தது.

கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பருவத்துக்கு வந்து திரும்பிச் சென்றவர்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் தேவை. ஆகவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைத் தேயிலை கொழும்புத் துறைமுகத்துக்கு விரைந்தது. நிலையான தொழிலாளருக்கு நிலையான வீடு அமைவதே முறை. ஆனால் வீட்டை வேலையோடு பிணைத்து வைத்தலே மூலதனத்துக்கு உகந்ததாயிற்று. வீடு கூலியின் ஒரு பகுதியாக்கப்பட்டமையால் பணக் கூலியைத் தாழ்த்த முடிந்தது. வேலைநிறுத்தம் செய்பவரை வீட்டை விட்டு எறியும் வாய்ப்பும் கிடைத்தது. லயம் தோட்ட நிலத்தில் இருந்தமையால் தொழிற்சங்கத்தார் அங்கு செல்வதும் அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. ஒருவர் தம் வீட்டுக்கு விருந்தினரை அழைக்கவும் பங்களாவின் அனுமதி தேவைப்பட்டது.

பங்களாவிலிருந்து லயத்தை நோக்கி இறங்கிவந்த ஒருவரும் இவ்வரலாற்றில் உண்டு. அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் தோட்டத் தொழில் பயில வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்தில் தொழிலாளர் நிலையைக் கண்டு துரைமார் வட்டத்தை விட்டு விலகி, லங்கா சமசமாஜக் கட்சியுடன் இணைந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் வெள்ளையர் ஒருவர் தொழிலாளர் பக்கம் நின்று பேசியது துரைமாரை நடுங்க வைத்தது. தேசாதிபதியின் நாடுகடத்தும் ஆணையை உயர் நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. மூன்றாண்டுகளின் பின், 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். 1946இல் கேகாலைப் பகுதியின் உருளவள்ளித் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காகச் சுவீகரித்து, அங்கு குடியிருந்த தொழிலாளரை வெளியேறுமாறு பணித்தபோது மலைநாடெங்கும் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலிக்காக அன்றி, குடியிருப்பு உரிமைக்காக எழுந்த முதற் பெரும் போராட்டம் என அதனைக் கருதலாம். நிலமற்ற சிங்களக் கிராமத்தவரும் நிலமற்ற தமிழ்த் தொழிலாளரும் ஒருவர்க்கொருவர் எதிராக நிறுத்தப்பட்ட முறையையும் அந்நிகழ்விலே நாம் தெளிவாகக் காண்கின்றோம். இதற்கு மாறான ஒரு சான்றை அக்கரப்பத்தனைப் பக்கமே அளித்தது. 1956இல் டயகமத் தோட்டப் போராட்டத்திலே சுடப்பட்டு இறந்தவர் ஏபிரகாம் சிங்கோ, சிங்களத் தொழிலாளி. தமிழ்த் தொழிலாளரோடு ஒரே போராட்டத்தில் நின்று அவர் உயிர் நீத்தார். இன்று அவர் பெயரை மே தினப் பட்டியல்களுக்கு வெளியே கேட்பது அரிது.

இடையிலே 1948, 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்கள் நிகழ்ந்தன. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற வேலுப்பிள்ளை, தம்மைத் தெரிந்தெடுத்த மக்கள் வாக்குரிமை இழப்பதைக் காண நேர்ந்தது. அவர் தமது நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டமை தற்செயலன்று. காம்பராவை இழந்தவன், நாட்டை இழந்தவன் என்னும் இரு பொருளும் அதில் அடங்கும். நாடற்றவர் நிலம் வாங்குவதும் அரச காணி பெறுவதும் நடைமுறையில் இயலாததாயின. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் உரியவராக எண்ணிப் பிரித்தது. காம்பராக்கள் சில பூட்டப்பட்டன. சிலவற்றில் பாதிக் குடும்பம் எஞ்சியது. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்னும் சிறுகதை, வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே அறையில் வாழ நேர்ந்த குடும்பத்தின் அவலத்தைக் கூசாமல் எடுத்துரைத்தது. வீட்டுப் பிரச்சினையைப் புள்ளிவிவரமாக நோக்குவோர் அச்சிறுகதையைப் படிப்பது நன்று. அறையின் அளவு மனித உறவின் அளவாகிவிடுவதை அது காட்டுகின்றது.

மலையகத்தில் உடைமை மாற்றம் யாவும் வெள்ளையரிடமிருந்து அரசுக்கு நிகழ்ந்தவை என எண்ணுதல் பிழை. சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தையார் கருப்பையா தொழிலாளியாக வந்து, கங்காணியாகி, இறம்பொடை வெவண்டன் தோட்டத்தின் சொந்தக்காரரானார். சிங்கள, முஸ்லிம் வணிகர் பலரும் தோட்டங்களை வாங்கினர். பங்களாவின் வாசலிலே இனம் மாறியது. லயத்தின் வாசலிலே எதுவும் மாறவில்லை.

இரண்டாவது பெருந் திருப்பம் 1972ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தாலும் கம்பெனித் தோட்டங்களையும் உள்ளடக்கிய 1975ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் நேர்ந்தது. இரண்டினாலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஏக்கர் அரசின் கைக்கு வந்தது. அந்நிய மூலதனத்தின் பிடியைத் தளர்த்திய இந்நடவடிக்கையை இடதுசாரிகள் வரவேற்றனர்; வரவேற்றது சரியே. எனினும் உற்பத்திச் சாதனங்கள் அரசுடைமையாதலும் உற்பத்தி உறவுகள் மாறுதலும் ஒன்றல்ல என்னும் பாடத்தை மலையகம் மிகக் கசப்பாகக் கற்றது. ஜனவசம எனப்பட்ட மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தோட்டங்களைப் பொறுப்பேற்றன. புதிய அதிகாரி அதே பங்களாவில் குடிபுகுந்தார். அதே அப்பு அதே மணியோசைக்கு ஓடினார். தேசியமயம் துரையை மாற்றிற்று. 'துரை' என்னும் சொல்லை மாற்றவில்லை. 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புச் சட்டம், வேலை முடிந்தவரை நீதிமன்றத்தின் மூலம் காம்பராவிலிருந்து வெளியேற்ற வழிசெய்ததை இங்கே சேர்த்து நோக்கவேண்டும். 1974ஆம் ஆண்டளவில் தோட்டங்களைப் பஞ்சம் பிடித்தது. 1977 மே மாதத்தில் தலவாக்கலைப் பகுதியின் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை எதிர்த்து எழுந்த தொழிலாளர் மீது சுடப்பட்டபோது டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். அரசு நிலச் சொந்தக்காரரான பின்னரும் லயத்தவர் அந்நிலத்தில் அந்நியரே. அவ்வாண்டிலும் 1981இலும் 1983இலும் எரிந்த லயங்கள் இதனை இன்னும் கொடூரமாக உணர்த்தின.

மூன்றாவது திருப்பம் நம் கண்முன் நிகழ்ந்தது. 1992இல் அரசுத் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டு, முகாமை தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் ஐம்பத்து மூன்று ஆண்டுக் குத்தகையும் பங்கு விற்பனையும் தொடர்ந்தன. அவற்றுள் ஒன்று அக்கரப்பத்தனை என்னும் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. ஊரின் பெயர் கொழும்புப் பங்குச் சந்தைக்குச் சென்ற அக்காலத்தில், ஊரவருக்குத் தம் காம்பராவின் கூரைத் தகடு ஒன்றை மாற்றவும் தோட்ட நிருவாகத்தின் இசைவு தேவைப்பட்டது. நிலம் இன்றும் அரசுக்குரியது, குத்தகை கம்பெனிக்குரியது, பங்களா குத்தகைக்குள் அடங்கியது, லயமும் அவ்வாறே.

இதன்பின்னரே 'மரபுரிமை' என்னும் சொல் மலையேறி வந்தது. 2005இல் பொகவந்தலாவ, நோர்வூட் பக்கத்துப் பழைய பங்களாக்கள் உல்லாசப் பயணிகளுக்கான உயர்தர விடுதிகளாகத் திறக்கப்பட்டன. 1888இல் எழுந்த ரியென்சின் பங்களாவும் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையிலுள்ளவையும் அவற்றுட் சில. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே விடுதியாயிற்று. கட்டடம் பேணப்படுவதை நாம் குறைகூறவில்லை. இடிந்து மண்ணாவதினும் அது நன்றே. ஆயின் எவை தெரிந்தெடுத்துப் பேணப்படுகின்றன என்பதே வினா. துரையின் கணப்பும் நாற்காலியும் வேட்டைத் துப்பாக்கியும் மரபுரிமை ஆகின்றன. அக்கணப்புக்கு விறகு சுமந்தவர்கள் வாழ்ந்த காம்பரா 'சேரி' என்றும் 'பிரச்சினை' என்றும் பெயர் பெறுகின்றது. இதற்கு விதிவிலக்கான ஒரு முயற்சியை மகிழ்ச்சியோடு குறிப்பிடலாம். கம்பளைக்கு அருகே பழைய லயக் காம்பராக்கள் சிலவற்றை, கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகத்தினர் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக மாற்றியுள்ளனர். அங்கே காட்சிப்படுத்தப்பட்டுள்ள அம்மியும் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் இன்னும் பல தோட்டங்களிலே நாளாந்தப் பயன்பாட்டில் உள்ளவை என்பது பார்வையாளரைச் சங்கடப்படுத்தும். சங்கடப்படுத்துவதே அதன் சிறப்பு.

லயத்தைப் பேணுவது வேறு, மக்களை லயத்திலே வைத்திருப்பது வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தும் அம்மக்கள் அங்கேயே இருந்தமைக்குக் காரணம், செல்வதற்கு அவர்களுக்குச் சொந்தமான வேறொரு துண்டு நிலம் இல்லாமையே. 1994இன் பின் தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான பிரதி அமைச்சராக இருந்த பெ. சந்திரசேகரனின் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்னும் கோரிக்கை அரச திட்டமாக உருப்பெற்றது. பின்னர் இந்திய உதவியுடனான வீடுகளும் எழுந்தன. ஏழு பேர்ச்சஸ் போதுமா, பத்து வேண்டுமா என்று மேடைகளில் நிகழும் வாதம் சிலருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயிரக்கணக்கான ஏக்கரைத் திருத்தியோரின் சந்ததி மூன்று பேர்ச்சஸ் வேறுபாட்டுக்காக வாதிட நேர்ந்தமையை வாதிடுவோரின் குறையாகக் கொள்ள நாம் உடன்படோம். எனினும் தனி வீட்டுத் திட்டத்தினுள்ளும் பழைய உறவு எஞ்சியிருப்பதைக் காண்கின்றோம். வீடு கட்டப்படுவதற்குக் குத்தகைக் கம்பெனி காணியை விடுவிக்கவேண்டும். நல்ல கொழுந்து தரும் மலையை எந்தக் கம்பெனியும் எளிதில் விடாது. சாய்ந்த, கைவிடப்பட்ட நிலங்களே பெரும்பாலும் கிடைக்கின்றன. உறுதிப்பத்திரம் வழங்கும் விழாக்கள் நிகழ்ந்த அளவுக்குப் பதிவு செய்யப்பட்ட உறுதிகள் கைக்கு வந்து சேரவில்லை என்னும் முறைப்பாடும் ஓயவில்லை.

உள்ளூராட்சித் துறையிலே 2018ஆம் ஆண்டு ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்து வந்தது, அது திருத்தப்பட்டது. அவ்வாண்டே மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபைச் சட்டமும் நிறைவேறிற்று. நுவரெலியாப் பிரதேச சபை பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனைக்கெனத் தனிச் சபையும் அமைந்தது. ஓர் ஊர், தான் வரி செலுத்தும் ஊராகவும் வாக்களிக்கும் ஊராகவும் அதிகாரபூர்வமாக ஏற்கப்படுவதற்கு நூற்றைம்பது ஆண்டளவு சென்றிருக்கின்றது. ஆயினும் லயங்களில் வாழ்வோருட் பலருக்கு இன்றும் தனி வீட்டிலக்கமோ தெருப் பெயரோ இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயருமே முகவரி. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் வங்கியின் கடிதமும் நீதிமன்ற அறிவித்தலும் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேருகின்றன. அங்கிருந்து யாரேனும் எடுத்துச் சென்று கொடுக்கும்போது உரியவரை அடைகின்றன. பல்மோரல், சான்றிங்ஹாம் என்று உறையின் மேல் எழுதப்பட்டிருக்கும். எந்தக் காம்பரா என்பதைத் தபாலைக் கொண்டு செல்பவர் ஆளின் பெயரைக் கொண்டு விசாரித்தே கண்டுபிடிக்கவேண்டும்.